அப்பாவின் லென்ஸ், மகளின் கேமரா: நடுவே ஒரு வளையம்

கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா இருபது வருடங்களுக்கு மேல் கல்யாண போட்டோ எடுத்தவர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டூடியோவை மூடிவிட்டார். பீரோவின் மேல்தட்டில், பழைய வேட்டி சுற்றி வைத்த பையில் மூன்று லென்ஸ்கள் இருக்கின்றன. கல்லூரி முடித்த மகளுக்கு மிரர்லெஸ் கேமரா வாங்க வேண்டும். சித்தப்பா மகள் கல்யாணம் இரண்டு மாதத்தில் வருகிறது. அதில் தொடங்கி, அப்பா விட்ட இடத்திலிருந்து தொழிலைப் பிடிக்கலாம் என்று ஓர் எண்ணம்.

"அப்பா, கடையில கேட்டேன். எந்த கேமரா வாங்கினாலும் ஒரு அடாப்டர் போட்டா உங்க லென்ஸ் எல்லாம் மாட்டிக்கலாமாம். பாடிக்கு மட்டும் காசு இருந்தா போதும்னாங்க."

அப்பா பையை இறக்கி, லென்ஸ்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார். "மாட்டலாம்மா. மாட்டினா வேலை செய்யுமான்னு கேட்டியா?"

அவர் கேட்டது சரியான கேள்வி. மிரர்லெஸ் கேமரா வாங்கும் பலர் மெகாபிக்ஸலைப் பார்க்கிறார்கள், வீடியோ 4கே-யா என்று பார்க்கிறார்கள், கையில் பிடிக்க அழகாக இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். லென்ஸைப் பொருத்தும் அந்த உலோக வாயை, அதாவது மவுன்ட்டை, யாரும் கவனிப்பதில்லை. ஆனால், பணம் போகும் வழியைத் தீர்மானிப்பது அதுதான். கேமரா பாடி நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் இருபது, முப்பது வருடம் உழைக்கும். கேமரா வாங்கும்போது நாம் உண்மையில் வாங்குவது ஒரு மவுன்ட்டை. இனி வாங்கப்போகும் லென்ஸ் எல்லாம் அதற்கு ஏற்றதாகத்தான் இருந்தாக வேண்டும்.

பூதக்கண்ணாடி சொல்லும் பாடம்

சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்கியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் ஒளி புள்ளியாகக் குவியும். கொஞ்சம் கிட்டே போனாலும், கொஞ்சம் விலகினாலும் புள்ளி மங்கி வட்டமாகிவிடும்.

கேமராவில் காகிதத்தின் இடத்தில் இருப்பது சென்சார். லென்ஸ் பொருந்தும் உலோக வளையத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரத்தை 'ஃப்ளேஞ்ச் தூரம்' என்பார்கள். ஒவ்வொரு மவுன்ட்டுக்கும் இது ஓர் அசைக்க முடியாத எண். அந்த மவுன்ட்டுக்கான லென்ஸ் எல்லாமே அந்தத் தூரத்தைக் கணக்கில் வைத்துத்தான் செய்யப்படுகின்றன.

பழைய எஸ்எல்ஆர், டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கும். வியூஃபைண்டருக்குக் காட்சியை அனுப்புவது அதுதான். பட்டனை அமுக்கினால் கண்ணாடி மேலே எழும்பும். அது எழும்ப இடம் வேண்டும் என்பதால் ஃப்ளேஞ்ச் தூரம் அதிகம். நிக்கான் எஃப் மவுன்ட்டில் 46.5 மி.மீ., கேனான் இஎஃப் மவுன்ட்டில் 44 மி.மீ. சோவியத் நாட்டு ஜெனிட், பழைய பென்டாக்ஸ் கேமராக்களில் இருந்த எம்42 மரையில் 45.46 மி.மீ.

மிரர்லெஸ் என்றால் அந்தக் கண்ணாடி இல்லாத கேமரா. கண்ணாடி போனதும் இடமும் சுருங்கியது. நிக்கான் இசட் 16 மி.மீ., ஃபியூஜி எக்ஸ் 17.7, சோனி இ 18, கேனான் ஆர்எஃப் 20, லைக்கா-பானசோனிக்-சிக்மா மூன்றும் சேர்ந்து பயன்படுத்தும் எல் மவுன்ட்டும் 20.

அடாப்டர் பிழைப்பதே இந்த வித்தியாசத்தில்தான். நிக்கான் எஃப் லென்ஸுக்கு 46.5 மி.மீ. தூரம் வேண்டும். நிக்கான் இசட் பாடியில் 16 மி.மீ.தான் இருக்கிறது. நடுவே 30.5 மி.மீ. நீளத்தில் உள்ளே வெறும் காற்று மட்டும் இருக்கும் ஒரு குழாயை வைத்தால், லென்ஸ் தனக்கு வேண்டிய தூரத்தில் போய் நின்றுகொள்ளும். படத்தின் தரத்தில் ஒரு பொட்டுக்கூடக் குறையாது. காரணம், ஒளியின் வழியில் புதிதாக எந்தக் கண்ணாடியும் வரவில்லை.

எதிர்த் திசையில் இது நடக்காது. குட்டையானவர் பரணை எட்ட வேண்டுமானால் காலடியில் ஒரு மணை போடலாம். உயரமானவரைக் குட்டையாக்க முடியுமா? புது மிரர்லெஸ் லென்ஸைப் பழைய டிஎஸ்எல்ஆரில் மாட்ட நினைப்பது அப்படித்தான். லென்ஸ் கேட்பது 20 மி.மீ., பாடியில் இருப்பதோ 44 மி.மீ. தூரத்தைக் கூட்டலாம், குறைக்க முடியாது. வாங்கும் முன் மனதில் வைக்க வேண்டிய முதல் விதி இது: நீண்ட தூரத்து லென்ஸ் குறுகிய தூரத்துப் பாடிக்குப் போகும், திரும்பி வராது.

ஒரே கம்பெனி, இரண்டு கதைகள்

மவுன்ட்டை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு கேனான் நல்ல உதாரணம். 1971-ல் வந்தது அதன் எஃப்டி மவுன்ட். 1976-ல் வந்த ஏஇ-1 கேமரா உலகமெங்கும் பிரபலமாகி, எஃப்டி லென்ஸ்களை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. 1987-ல் ஆட்டோஃபோகஸுக்காக கேனான் இஎஃப் என்ற புதிய மவுன்ட்டுக்குத் தாவியது. எஃப்டி-யின் தூரம் 42 மி.மீ., இஎஃப்-பின் தூரம் 44 மி.மீ. வெறும் 2 மி.மீ. வித்தியாசம்தான். ஆனால் அது தவறான பக்கத்தில் இருந்தது. கூடுதல் கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் பழைய லென்ஸ் புதுப் பாடியில் தொலைதூரக் காட்சியை ஃபோகஸ் செய்யாது. காசைக் கொட்டி எஃப்டி லென்ஸ் சேர்த்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

அதே எஃப்டி லென்ஸ்கள் மிரர்லெஸ் வந்ததும் மறுபிறவி எடுத்தன. 42 மி.மீ. கேட்கும் லென்ஸுக்கு 18 மி.மீ. சோனி பாடியில் 24 மி.மீ. இடம் மிச்சம். ஒரு எளிய வளையம் போதும். பழைய சாமான் கடைக்குப் போக இருந்த லென்ஸ்களைத் தேடி வாங்க ஆள் வந்துவிட்டார்கள்.

நிக்கான் வேறு வழியில் போனது. 1959-ல் வந்த எஃப் மவுன்ட்டின் வடிவத்தையும் தூரத்தையும் அது பல பத்தாண்டுகள் மாற்றவே இல்லை. பழைய லென்ஸ்காரர்களைக் கைவிடவில்லை என்று பெயர் வாங்கியது. ஆனால், அந்த ஒரே வாய்க்குள் தலைமுறைக்குத் தலைமுறை தொழில்நுட்பம் மாறிக்கொண்டே வந்தது. வெளியே பார்க்க எல்லாம் ஒரே மாதிரி பொருந்தும், உள்ளே வேலை செய்யும் விதம் வேறு. மேஜைமேல் இருந்த அப்பாவின் லென்ஸ்களில் சிக்கல் வந்தது இங்கேதான்.

மூன்று லென்ஸ், மூன்று பதில்

முதல் லென்ஸ் நிக்கான் 50 மி.மீ. எஃப்/1.8டி. நம் ஊர்க் கல்யாண போட்டோகிராபர்கள் பலரிடம் இருந்த, சின்னதாக, விலை குறைவாக, நல்ல படம் தந்த லென்ஸ். அதன் பின்பக்க உலோக வளையத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூத் தலை தெரியும். இந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார் அந்த ஸ்க்ரூவைப் பிடித்துத் திருகினால்தான் ஃபோகஸ் ஆகும்.

நிக்கான் 2018-ல் இசட் மவுன்ட்டைக் கொண்டுவந்தபோது, எஃப் லென்ஸ்களுக்காக எஃப்டிஇசட் என்ற அடாப்டரையும் கொடுத்தது. 2021-ல் அதன் அடுத்த வடிவம் எஃப்டிஇசட் 2 வந்தது. இரண்டிலும் ஸ்க்ரூவைத் திருகும் மோட்டார் இல்லை. எனவே, அப்பாவின் 50 மி.மீ. லென்ஸ் அழகாகப் பொருந்தும். அப்பர்ச்சரை பாடியிலிருந்தே மாற்றலாம். வெளிச்ச அளவீடும் வேலை செய்யும். ஆனால், ஃபோகஸை மட்டும் கையால்தான் திருப்ப வேண்டும். பல வருடங்களாக ஆட்டோஃபோகஸில் எடுத்த அதே லென்ஸ் இனி மேனுவல் லென்ஸ்.

இதில் அடாப்டரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. டி3000, டி5000 வரிசை டிஎஸ்எல்ஆர்களிலும் பாடிக்குள் மோட்டார் இல்லாததால் இதே லென்ஸில் ஆட்டோஃபோகஸ் வராது. அப்போதும் பலர் வாங்கிவிட்டு விழித்தார்கள்.

இரண்டாவது, 70-300 மி.மீ. ஜூம். அதன் பெயரில் 'ஏஎஃப்-எஸ்' என்று போட்டிருந்தது. இந்த மூன்று எழுத்துக்கும் ஒரு கோட்டுக்கும் விலை அதிகம். ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். எஃப்டிஇசட் போட்டால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும், கை நடுக்கத்தைக் குறைக்கும் விஆர் வசதியும் வேலை செய்யும்.

அந்த ஜூமில் இன்னொரு விஷயமும் உண்டு. அது 'ஜி' வகை லென்ஸ். அப்பர்ச்சரைத் திருப்பும் வளையமே அதில் கிடையாது. இதை சோனி பாடியில் மலிவான வெறும் வளையத்தோடு மாட்டினால் ஃபோகஸ் மட்டுமல்ல, அப்பர்ச்சரும் கைவிட்டுப்போகும். அதற்கென்று தனியாக ஒரு திருகு வளையம் வைத்த அடாப்டர், இல்லையென்றால் எலெக்ட்ரானிக் அடாப்டர் தேடவேண்டும். கேனான் இஎஃப் லென்ஸ்களுக்கும் இது பொருந்தும். அவற்றில் அப்பர்ச்சர் முழுக்க மின்சாரத்தால் இயங்குவது. தொடர்பு முனைகள் இல்லாத வெறும் வளையத்தில் மாட்டினால் எதையும் மாற்ற முடியாது.

மூன்றாவது, அப்பா தொழில் பழகிய காலத்து ஜெனிட் கேமராவின் ஹீலியோஸ் 44-2. 58 மி.மீ., எஃப்/2. மரை போட்டுத் திருகிப் பொருத்தும் எம்42 லென்ஸ். மரையின் விட்டம் 42 மி.மீ. என்பதால் அந்தப் பெயர். இதில் மின்சாரம், மோட்டார் எதுவும் இல்லை. அதனாலேயே இதற்கு எந்தப் பிரச்னையும் இல்லை! அப்பர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருக்கிறது, ஃபோகஸ் எப்போதும் கையால்தான். எந்த மிரர்லெஸ் பாடிக்கும் எம்42 வளையம் கிடைக்கும், விலையும் குறைவு. பின்னணியில் இலைகள் இருந்தால் அவற்றைச் சுழல்போல மங்கலாக்கிக் காட்டும் குணத்துக்காக, இன்றைய இளைஞர்கள் தேடி வாங்கும் லென்ஸ் இது.

இதில் மகள் செய்ய இருந்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். "எஃப்டிஇசட் எப்படியும் வாங்கறோம். எம்42-வை நிக்கான் எஃப்-புக்கு மாத்தற வளையம் ரொம்ப சீப். அதை எஃப்டிஇசட் மேல மாட்டிட்டா போதும்ல?" கணக்குப் போட்டால் உதைக்கிறது. எம்42 லென்ஸுக்கு வேண்டியது 45.46 மி.மீ. எஃப்டிஇசட் ஏற்கெனவே அதை 46.5 மி.மீ. தூரத்துக்குத் தள்ளிவிடுகிறது. அதற்கு மேல் வளையத்தின் தடிமன் வேறு. லென்ஸ் தன் இடத்தைவிட வெளியே போய்விடும். பக்கத்தில் இருக்கும் பூ ஃபோகஸ் ஆகும், எதிரே இருக்கும் கோபுரம் ஆகாது. எம்42-வை இசட்டுக்கு நேராக மாற்றும் 29.46 மி.மீ. வளையத்தைத் தனியாக வாங்குவதே சரி. அடாப்டர் மேல் அடாப்டர் போடும் முன் கழித்தல் கணக்கு ஒன்றைப் போட்டுவிட வேண்டும்.

வெறும் வளையமா, மூளை உள்ள வளையமா?

கடையில் 'அடாப்டர்' என்று ஒரே பெயரில் விற்றாலும் மூன்று வகை உண்டு.

முதல் வகை வெறும் உலோகக் குழாய். ஹீலியோஸ், பழைய யாஷிகா, கேனான் எஃப்டி, மினோல்டா, ஒலிம்பஸ் ஓஎம் போன்ற முழு மேனுவல் லென்ஸ்களுக்கு இது போதும்.

இரண்டாவது வகையில் தொடர்பு முனைகள் இருக்கும். லென்ஸும் பாடியும் இதன் வழியே பேசிக்கொள்ளும். கேனானின் இஎஃப்-ஆர்எஃப் அடாப்டர் இந்த வகை. 1987 முதல் எல்லா இஎஃப் லென்ஸிலும் மோட்டார் உள்ளேயே இருப்பதால், கேனான்காரர்களுக்கு இந்த மாற்றம் தலைவலி இல்லாமல் முடிந்தது. அன்று எஃப்டி-யைக் கைவிட்டதற்காகத் திட்டு வாங்கிய அதே முடிவு, இன்று அவர்கள் வாடிக்கையாளர்களைக் காப்பாற்றியது. சோனியும் மினோல்டா வழிவந்த ஏ மவுன்ட் லென்ஸ்களுக்காக எல்ஏ-இஏ5 என்ற அடாப்டரை 2020-ல் கொடுத்தது. அதற்குள் ஸ்க்ரூவைத் திருகும் மோட்டாரே இருக்கிறது. ஆனால், அந்த மோட்டார் குறிப்பிட்ட சில பாடிகளில்தான் வேலை செய்யும். பட்டியலைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஒரு கம்பெனி லென்ஸை இன்னொரு கம்பெனி பாடியில் ஆட்டோஃபோகஸோடு இயக்கும் எலெக்ட்ரானிக் அடாப்டர்களும் உண்டு. கேனான் இஎஃப் மவுன்ட்டுக்கான சிக்மா லென்ஸ்களை சோனியில் போட சிக்மாவின் எம்சி-11 ஓர் உதாரணம். இவற்றில் எல்லா லென்ஸிலும் ஒரே வேகம் கிடைக்காது. போட்டோவுக்கு நன்றாக ஓடுவது வீடியோவில் தடுமாறலாம். கேமராவுக்குப் புது சாஃப்ட்வேர் வந்தால் அடாப்டருக்கும் அப்டேட் தேவைப்படலாம். உங்கள் பாடி, உங்கள் லென்ஸ் இரண்டையும் கடைக்கு எடுத்துப்போய் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது வகையில் நடுவே கண்ணாடி இருக்கும். 'ஸ்பீட் பூஸ்டர்' என்று பெயர்பெற்ற வகை இது. பெரிய சென்சாருக்கான லென்ஸ் தரும் ஒளியைச் சுருக்கிச் சின்ன சென்சாரில் விழவைக்கும். காட்சி அகலமாகும், வெளிச்சமும் கூடும். நல்ல கண்ணாடி என்றால் விலை அதிகம். மட்டமான கண்ணாடி என்றால் நல்ல லென்ஸும் மட்டமாகிவிடும்.

50 எப்படி 75 ஆனது?

அடாப்டர் மாற்றாத ஒன்று உண்டு. அது சென்சாரின் அளவு. ஃபுல்ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சியை, சின்னதான ஏபிஎஸ்-சி சென்சாரில் எதிர்பார்க்க முடியாது. ஓரங்கள் வெட்டுப்பட்டு, ஃபுல்ஃபிரேமில் 75 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குக் குறுகிவிடும். கேனான் ஏபிஎஸ்-சி என்றால் 80. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமரா என்றால் 100.

முகத்தைப் படம் எடுக்க இது வசதிதான். ஆனால், சின்ன ஹாலில் முப்பது சொந்தங்களை நிற்க வைத்து குரூப் போட்டோ எடுக்க வேண்டும் என்றால், போட்டோகிராபர் பின்னால் போய்ப் போய்ச் சமையல்கட்டுக்குள் நிற்க வேண்டியதுதான். பழைய லென்ஸ்களை வைத்தே முழுக் கல்யாணத்தையும் ஒப்பேற்றலாம் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஏபிஎஸ்-சி பாடி வாங்கினால், அகலக் காட்சிக்கு அந்தப் பாடிக்கென்றே செய்த ஒரு லென்ஸ் கட்டாயம் வேண்டும்.

எந்த மவுன்ட்?

'எது பெஸ்ட் மவுன்ட்?' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஆனால், எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று.

ஒன்று, வீட்டில் என்ன இருக்கிறது? ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் இரண்டு, மூன்று இருந்தால் நிக்கான் இசட் பக்கம் சாய்வதில் நியாயம் உண்டு. இஎஃப் லென்ஸ்கள் இருந்தால் கேனான் ஆர்எஃப். இருப்பது ஹீலியோஸ் மாதிரி மேனுவல் லென்ஸ் மட்டும் என்றால் எந்த மவுன்ட்டும் சரி. ஒரே ஒரு பழைய லென்ஸ் இருக்கிறதே என்று மவுன்ட்டைத் தேர்ந்தெடுத்தால், லாடம் கிடைத்தது என்று குதிரை வாங்கின கதையாகிவிடும்.

இரண்டு, அடுத்து வாங்கப்போகும் லென்ஸ் கைக்கெட்டும் விலையில் இருக்கிறதா? சோனி தன் இ மவுன்ட்டின் விவரங்களை மற்ற கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டதால் சிக்மா, டாம்ரான் போன்றவை அதற்கு ஏராளமான லென்ஸ் செய்கின்றன. எல் மவுன்ட்டில் சிக்மா கூட்டாளியாகவே இருக்கிறது. ஃபியூஜி எக்ஸ், நிக்கான் இசட் மவுன்ட்டுகளுக்கும் வெளியார் லென்ஸ்கள் வருகின்றன. கேனான் ஆர்எஃப் நீண்ட காலம் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. 2024-ல்தான் ஏபிஎஸ்-சி லென்ஸ்களுக்காக சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் கொஞ்சம் திறந்தது. பாடியின் விலையோடு, அடுத்த இரண்டு லென்ஸ்களின் விலையையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மையான பில் தெரியும்.

மூன்று, அந்த மவுன்ட் நாளைக்கும் இருக்குமா? 2010-ல் வந்த சாம்சங் என்எக்ஸ், 2011-ல் வந்த நிக்கான் 1, 2012-ல் வந்த கேனான் இஎஃப்-எம் ஆகிய மூன்றுமே மிரர்லெஸ் மவுன்ட்டுகள்தான். மூன்றுமே இன்று முடிந்துபோன கதை. இஎஃப்-எம் வாங்கியவர்களுக்குத்தான் வருத்தம் அதிகம். கேனானே பிறகு கொண்டுவந்த ஆர்எஃப் லென்ஸ்களை அந்தப் பாடிகளில் மாட்ட வழியில்லை. செகண்ட்ஹேண்டில் இந்தக் கேமராக்கள் மலிவாகக் கிடைக்கும். கூடவே வரும் ஒரு லென்ஸோடு திருப்திப்பட முடியும் என்பவர்கள் வாங்கலாம். தொழில் தொடங்க நினைப்பவர்கள் வேண்டாம்.

கடைக்குப் போகும் முன்

அடாப்டருக்குச் செலவு செய்யும் முன் லென்ஸ் அந்தச் செலவுக்குத் தகுதியானதா என்று பார்க்க வேண்டும். வெயிலும் ஈரமும் மாறி மாறி அடிக்கும் நம் ஊரில், பீரோவுக்குள் வருடக்கணக்கில் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடிக்க நிறைய வாய்ப்புண்டு. கையில் இருக்கும் ஸ்மார்ட்போனே இதற்கு டாக்டர். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, போன் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து, மறுபக்கம் சாய்வாகப் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோல, வேர்போல மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. வெள்ளையாகப் புகை படிந்ததுபோல் இருந்தால் அதுவும் படத்தை மங்கலாக்கும். லேசான தூசிக்குப் பயப்பட வேண்டாம்.

அடாப்டரை மாட்டியதும் லென்ஸைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வாங்காதீர்கள். பிறகு கடை வாசலுக்கு வந்து, தூரத்தில் இருக்கும் கட்டடத்தையோ செல்போன் டவரையோ ஃபோகஸ் செய்து பாருங்கள். தூரத்துப் பொருள் கூர்மையாக வராவிட்டால் வளையம் தேவைக்கு மேல் தடிமன். லென்ஸில் முடிவிலிக் குறி வரும் முன்பே கூர்மையாகிவிட்டால் வளையம் கொஞ்சம் மெல்லியது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மேனுவல் லென்ஸை மாட்டியதும் 'கேமரா ரிப்பேர்' என்று பதறுபவர்களும் உண்டு. ஷட்டர் அமுங்காது. காரணம், லென்ஸே மாட்டவில்லை என்று பாடி நினைக்கிறது. மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் படம் எடுக்க அனுமதி' என்ற பொருளில் ஓர் அமைப்பு பல கேமராக்களில் இருக்கும். அதை ஆன் செய்தால் சரியாகிவிடும். 'ஃபோகஸ் பீக்கிங்' ஆன் செய்தால் கூர்மையான விளிம்புகள் வண்ணத்தில் மின்னும். பாடிக்குள் நடுக்கக் கட்டுப்பாடு இருந்தால் லென்ஸின் மி.மீ. எண்ணை மெனுவில் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தவறாகக் கணக்குப் போட்டு, நடுக்கத்தைக் கூட்டிவிடலாம்.

மேஜைமேல் ஒரு முடிவு

கும்பகோணத்து வீட்டுக்குத் திரும்புவோம். கணக்கு இப்போது தெளிவாகிவிட்டது. மூன்றில் ஒன்று முழுதாக வேலை செய்யும், ஒன்று பாதி, ஒன்று முழுக்க முழுக்கக் கையால்.

"அப்ப உங்க 50-ஐ வெச்சு கல்யாணம் எடுக்க முடியாதாப்பா?" மகளின் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"எடுக்கலாம்மா. ஆனா தாலி கட்டறப்ப எடுக்காத. மாப்பிள்ளை கையைத் தூக்கறதுலேர்ந்து முடிச்சுப் போடறது வரைக்கும் பத்து செகண்ட். கெட்டிமேளம், அட்சதை, குறுக்க நாலு பேர் தலை. அந்த நேரத்துல நீ ஃபோகஸ் திருகிட்டு நின்னா போச்சு. இன்னொரு தடவை கட்டுங்கன்னு சொல்ல முடியாது."

கல்யாண வேலையில் அடாப்டரின் எல்லை எங்கே என்று அந்த வார்த்தைகளைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. நேரம் இருக்கும் இடத்தில் பழைய லென்ஸ் பிரமாதம். சிற்பம், முகம், பூ, வீட்டில் தூங்கும் குழந்தை எல்லாம் காத்திருக்கும். காத்திருக்காத நொடிகளுக்கு அந்த மவுன்ட்டுக்கென்றே பிறந்த லென்ஸ் ஒன்றாவது பையில் இருக்க வேண்டும்.

முடிவு இப்படி ஆனது. 70-300 ஜூம் டார்ச் சோதனையில் சுத்தமாகத் தேறியதால் நிக்கான் இசட் மவுன்ட். பாடியை மட்டும் வாங்காமல், அதோடு சேர்த்துத் தரும் ஜூம் லென்ஸுடன் ஓர் ஏபிஎஸ்-சி கேமரா. செகண்ட்ஹேண்டில் ஓர் எஃப்டிஇசட். ஹீலியோஸுக்கு நேரடி எம்42 வளையம். பட்ஜெட் சரியாக இருந்தது. வேறு மவுன்ட்டில் 'எல்லாம் மாட்டிக்கலாம்' என்று நம்பி வெறும் பாடி வாங்கியிருந்தால், கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு ஓடிப்போய் லென்ஸ் வாங்க வேண்டியிருக்கும்.

கல்யாணத்தன்று முகூர்த்தம் முழுக்க புது லென்ஸ். மண்டபத்தின் கடைசியிலிருந்து ஆசீர்வாதத்தை எடுத்தது ஏஎஃப்-எஸ் ஜூம். அதற்கு முன், விடியற்காலை மணப்பெண் அலங்காரத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை எடுக்க மகள் அப்பாவின் 50-ஐ மாட்டினாள். கையால் வளையத்தைத் திருப்பித் திருப்பி, கண் இமை கூர்மையாகும் வரை பொறுமையாக எடுத்தாள்.

மாலையில் கேமராத் திரையில் அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, இமையைப் பார்த்தார்.

"கொஞ்சம் மூக்குக்கு வந்திருக்கு ஃபோகஸ்" என்றார். பிறகு, "பரவால்ல. அடுத்த முகூர்த்தம் எப்போ?" என்றார்.

(அடுத்த வாரம்: பூஞ்சை பிடிக்காமல் லென்ஸை வீட்டில் எப்படி வைப்பது?)